விந்தணு ரிப்போர்ட்டில் நேரத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து விந்தணுப் பரிசோதனைக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வருகிற தம்பதிகள் முதலில் கேட்பது, "ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) பண்ணினால் கரு நிக்குமா, இதிலே தெரிஞ்சிடுமா?" என்றுதான். தெரியாது. எந்தச் சிகிச்சையில் தொடங்கலாம் என்பதற்குத்தான் இந்தச் சோதனை உதவும். அதுவும் சாம்பிளை ஒழுங்காகக் கொடுத்தால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிலிட்டர் விந்துக்கு 1.6 கோடி அணுக்கள், அசைகிற அணுக்கள் மொத்தம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று கீழ் எல்லை இருக்கிறது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைச் சோதித்து எடுத்த எண்கள் இவை. அவர்களிலும் நூற்றுக்கு 5 பேர் ஒவ்வொரு எல்லைக்கும் கீழேதான் இருந்தார்கள். அவர்களும் அப்பா ஆனவர்களே. வடிவம் 4 சதவீதம் என்று பார்த்துவிட்டு, மீதி 96-ம் கெட்டுப்போச்சு என்று உடைந்துபோக வேண்டியதில்லை.

சாம்பிள் கொடுப்பதற்கு முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். ஆணுறை, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கவுண்ட் குறைவு என்று பொய்யான ரிப்போர்ட் வரும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் அசைவு தானாகக் குறையும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியும் ஆகாது, ஐஸும் ஆகாது. மூடிய டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் எண் மாறும். விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். டெங்குவோ வேறு கடுங்காய்ச்சலோ வந்திருந்தால் அதன் பாதிப்பு பின்னால்தான் தெரியும். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. இளைஞர்கள் இதைச் சொல்லாமல் விடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. அணுவே இல்லை என்று எழுதுவதற்கு முன், சாம்பிளை எந்திரத்தில் வேகமாகச் சுழற்றி அடியில் படிந்ததையும் ஆய்வகம் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். ஐ.யூ.ஐ. என்பது விந்தை ஆய்வகத்தில் கழுவிப் பிரித்து, அணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை. கழுவிய பின் நகரும் அணுக்கள் 50 லட்சத்துக்குக் கீழே போனால் அதன் பலன் குறையத் தொடங்கும். ஐ.வி.எஃப்.-இன் ஒரு வகையான இக்ஸியில் முட்டை ஒன்றுக்கு ஓர் அணுவை ஊசியால் செலுத்துவதால் கவுண்ட் அவ்வளவு பெரிய விஷயமில்லை. மனைவியின் வயதுதான் முடிவை அதிகம் தீர்மானிக்கிறது. விந்தணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருள் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சிதைவுச் சோதனை, கரு திரும்பத் திரும்பக் கலைபவர்களுக்குப் பயன்படலாம். முதல் கட்டத்திலேயே அதைச் செய்ய அமெரிக்க யூராலஜி (சிறுநீரக, ஆண் உறுப்பு மருத்துவர்கள்) சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. "வெற்றி வாய்ப்பைக் கணிக்கும் டெஸ்ட்" என்று சொல்லி அதற்குத் தனியாகப் பணம் கேட்டால், இந்த ரிசல்ட்டால் எங்கள் சிகிச்சையில் என்ன மாறும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பல வீடுகளில் மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் வருகிறார். வலியில்லாத, செலவு குறைந்த சோதனை அவருடையதுதான். முதலில் அதைச் செய்வதே நியாயம்.

ஆய்வகங்களும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். எத்தனை நாள் இடைவெளி, சாம்பிள் எடுத்த நேரம், பார்த்த நேரம் மூன்றையும் ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும். பொதுக் கழிவறையைக் கை காட்டாமல், தாழ்ப்பாளும் வாஷ்பேசினும் உள்ள தனி அறை ஒன்றை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர்கள் இருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81