கிரீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிரீஸின் கிரீட் தீவுப் பயணத்துக்கு நீங்கள் போட்டு அனுப்பிய எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தேன். ஏழு இரவு, நாலு ஹோட்டல், பதினோரு கடற்கரை, நடுவில் ஒரு நாள் சான்டோரினி என்ற இன்னொரு தீவுக்குக் கப்பல். கலர் கலராகப் பிரித்து அழகாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் எட்டு வயதுப் பையனும், மூன்று வயதுப் பெண்ணும், முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஊரிலிருந்து வரும் எங்கள் அம்மாவும் எப்போது சாப்பிடுவார்கள், எப்போது தூங்குவார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. "நீயே சொல்லிடு அண்ணா" என்று தங்கச்சி என் தலையில் கட்டிவிட்டாள். இதே மாதிரி குழந்தை குட்டிகளோடு கிளம்ப நினைக்கும் வேறு குடும்பங்களும் இருக்கும், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தீவு என்றதும் சைக்கிளில் சுற்றிவிடலாம் என்ற நினைப்பு வருகிறது பாருங்கள், அதை முதலில் விட்டுவிட வேண்டும். கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். வடக்குக் கரையை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதிலிருந்து தெற்கே திரும்பினால் கொண்டை ஊசி வளைவுகள்தான். ஹெராக்லியான் நகரிலிருந்து மேற்கே இருக்கும் ஹனியா நகரம் 140 கிலோமீட்டர், குழந்தைகளோடு நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம். நீங்கள் ஹனியாவில் தங்கிக்கொண்டு கிழக்குக் கோடியில் இருக்கும் 'வாய்' (Vai) என்ற கடற்கரைக்குப் 'பகல் பயணம்' போட்டிருக்கிறீர்கள். போகவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பேரீச்சந்தோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு இல்லை. சான்டோரினியையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதிவேகக் கப்பலிலேயே ஒரு பக்கம் இரண்டு மணி நேரம், அதுவும் ஆகஸ்ட் கடலில். சின்னவள் வாந்தி எடுத்தால் துடைக்கப்போவது தங்கச்சி.

ஆகஸ்ட் என்றதும் தேதி விஷயம் வருகிறது. நீங்கள் போட்டிருப்பது ஆகஸ்ட் 9 முதல் 16 வரை. ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை. கிரேக்கர்களுக்கு ஈஸ்டருக்கு அடுத்த பெரிய நாள். ஏதென்ஸ்காரர்கள் மொத்தமாகச் சொந்த ஊருக்கும் தீவுகளுக்கும் கிளம்பும் வாரம் அது. அறை வாடகை உச்சத்தில் இருக்கும், நல்ல கடற்கரைகளில் காலை பத்து மணிக்கே கார் நிறுத்த இடம் இருக்காது. உங்களுக்குத்தான் ஜெர்மனியில் நீங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் செப்டம்பர் நடுவரை கோடை விடுமுறை இருக்கிறதே! செப்டம்பர் முதல் வாரம் போங்கள். ஜெர்மனியின் பல மாநிலங்களில் அதற்குள் பள்ளி திறந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். கடல் கோடை முழுக்கச் சூடேறி 25 டிகிரியில் நிற்கும். மே கடைசியில் வரும் விடுமுறையிலும் போகலாம், ஆனால் அப்போது தண்ணீர் 20 டிகிரிதான், அம்மா கால் கூட நனைக்க மாட்டார். பள்ளிக்கு இரண்டு நாள் மட்டம் போட்டு மலிவு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை. விடுமுறைக்கு முந்தைய நாட்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்களை பவேரிய விமான நிலையங்களில் போலீசே நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

இனி காற்று. எக்ஸெல்லில் காற்றுக்கு இடமே இல்லை, ஆனால் கிரீட்டில் இன்று எந்தக் கடலில் குளிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். ஜூலை, ஆகஸ்டில் கிரீட்டுக்கு வடக்கே இருக்கும் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தும், துருக்கிப் பக்கம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தும் இருப்பதால் வருவது. வானத்தில் ஒரு துளி மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் நாலைந்து நாள் விடாமல் வீசும். ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் வடக்குக் கரை அதை நேராக வாங்கிக்கொள்கிறது. அலை எழும்பும், சிவப்புக் கொடி ஏறும். சிவப்புக் கொடி என்றால் பேச்சே இல்லை, தண்ணீரில் இறங்கக் கூடாது. மஞ்சளுக்குக் கூடப் பெரியவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் இந்தக் காற்று தணியும், முழுக்க நின்றுவிடாது.

சரி, வடக்கில் அலை என்றால் தெற்கே போய்விடலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் அங்கே ஆபத்து வேறு விதம். அதே காற்று மலையைத் தாண்டி இறங்கி, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் தட்டையாக, குளம் போல, இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று இருக்கும். பிள்ளைகளை ரப்பர் மிதவையில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டு நாம் துண்டை விரிப்பதற்குள் மிதவை ஐம்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நீந்திப் பிடிக்கப் போகிறவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். அந்த இளஞ்சிவப்பு ஃபிளமிங்கோ மிதவையை ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குக் கையில் மாட்டும் மிதவைகளும், பாறையில் கடல் முள்ளெலி குத்தாமலிருக்க எல்லோருக்கும் ரப்பர் செருப்பும் போதும்.

அதனால் நான் சொல்வது: மேற்குப் பக்கத்தில் ஒரே வீடு எடுத்துக்கொண்டு, எந்தக் கடற்கரை என்பதை முந்தைய நாள் ராத்திரி காற்று நிலவரம் காட்டும் விண்டி ஆப்பைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். ஹனியாவுக்குக் கிழக்கே அல்மிரிடா என்று ஒரு சின்ன ஊர். ஆழமில்லாத மணல் விரிகுடா, அதை ஒட்டி ஒரே தெரு, தெருவில் சாப்பாட்டுக் கடைகள். அம்மா கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய வசதி தெரியாது. காற்று பலமாக இருந்தால் மராத்தி என்ற இடம், சூடா வளைகுடாவின் வாயில் தெற்கு நோக்கி ஒதுங்கிக் கிடக்கிறது. காற்று குறைந்த நாளில் தெற்கே ஃபிராங்கோகாஸ்டெல்லோ. 1370களில் வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு நேர் கீழே மணல், தண்ணீர் வெகு தூரம் முழங்கால் ஆழம்தான். கடலே வேண்டாம் என்ற நாளுக்குக் குர்னாஸ் ஏரி இருக்கிறது. மிதி படகில் போய் ஆமையும் வாத்தும் பார்க்கலாம்.

ரோஸ் மணலுக்குப் பேர்போன எலாஃபோனிசி கடற்கரையைக் கைவிட மனசு வராது என்று தெரியும், தங்கச்சியே அந்தப் போட்டோவைத்தான் போன் திரையில் வைத்திருக்கிறாள். போங்கள். ஆனால் மணல் முழுக்க ரோஸ் நிறம் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிப்பித் தூள் சேரும் இடங்களில், தண்ணீர் வந்து திரும்பும் கோட்டில் ஒரு சாயலாகத் தெரியும். குனிந்து கையில் அள்ளினால் வெள்ளை மணலுக்கு நடுவே சிவப்புத் துகள்கள் தனித்தனியாகப் பிரியும். அவ்வளவுதான், அள்ளியதை அங்கேயே போட்டுவிட வேண்டும், எடுத்து வருவதற்குத் தடை. காயல் மாதிரி தேங்கிய தண்ணீரில் சின்னவள் கூட எதிர்த் தீவு வரை நடந்தே போய்விடுவாள். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் டோபோலியா பள்ளத்தாக்கில் ஒரு வண்டி மட்டும் போகும் குகைப்பாதை, சிக்னல் வைத்து மாற்றி மாற்றி விடுகிறார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே சுற்றுலா பஸ்கள் சேர்ந்துவிடும். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

பாலோஸ் கடற்கரை வேண்டாம். கார் போகும் பாதை கரடுமுரடு மண் சாலை. வாடகைக் கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்த மாதிரிச் சாலையில் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் பொறுப்பேற்காது, ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். காரை விட்டு இறங்கிய பிறகும் படிகளில் இருபது நிமிஷம் கீழே நடை, திரும்பி ஏற வேண்டும் வேறு. கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகு உண்டு, காற்றில்லாத நாளாக அமைந்தால் யோசிக்கலாம்.

பெரியவன் காளைத் தலை அரக்கன் மினோட்டாரின் கதையைப் படித்துவிட்டு, அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய அரண்மனையைப் பார்க்க க்னோசோஸ், க்னோசோஸ் என்று குதிக்கிறானாம். அது நியாயமான கோரிக்கை. அதற்காகத் தினமும் அலைய வேண்டாம். போகும்போது ஹெராக்லியானில் இறங்கி ஒரு ராத்திரி தங்குங்கள். காலை எட்டு மணிக்கு அரண்மனை திறந்ததும் உள்ளே நுழைந்து, பத்தரைக்கு வெளியே வந்துவிடுங்கள், அங்கே நிழல் குறைவு. அப்புறம் நகரத்து மியூசியத்தின் ஏசியில் மதியத்தை ஓட்டிவிட்டு மேற்கே கிளம்பலாம். திரும்பும் விமானம் ஹனியாவிலிருந்து. காரை ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடலாம், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். 1900ல் க்னோசோஸைத் தோண்ட ஆரம்பித்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், இடிந்து கிடந்ததைக் கான்கிரீட்டில் எழுப்பிச் சிவப்பு வர்ணமும் பூசி வைத்துவிட்டார். தொல்லியல்காரர்கள் இன்றுவரை அதற்காக அவரைத் திட்டுகிறார்கள். எட்டு வயதுப் பையனுக்கு என்னவோ வெறும் அஸ்திவாரக் கல்லைவிட அந்தச் சிவப்புத் தூண்கள்தான் பிடிக்கும்.

அம்மாவின் சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையில் நோன்பு நாட்களைக் கூட்டினால் ஏறக்குறைய வருடத்தில் பாதி வரும். அதனால் இறைச்சி, பால் இல்லாத சமையல் அவர்களுக்குக் கை வந்த கலை. ஃபாவா கேளுங்கள், மஞ்சள் பருப்பை வேக வைத்துக் கடைந்து மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். வேக வைத்த காட்டுக் கீரைக்கு ஹோர்டா என்று பெயர், எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது. பூசணி வகையான சுக்கினியும் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் சுடும் புரெக்கி ஹனியாப் பக்கத்து ஸ்பெஷல். தக்காளியிலும் குடைமிளகாயிலும் சோறு அடைத்த கெமிஸ்தாவில் மட்டும் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பழத்தோடு சின்னக் குப்பியில் ராக்கி என்ற சாராயம் இலவசமாக வரும். வண்டி ஓட்டுவது நீங்கள் என்பதை நினைவில் வைக்கவும். ரைஸ் குக்கரை எடுத்துப் போகலாம், பிளக் ஜெர்மனியில் உள்ளதேதான். ஒரு மக்கும் எடுத்து வையுங்கள். குழாய்கள் குறுகல் என்பதால் டாய்லெட் பேப்பரை உள்ளே போடாமல் பக்கத்துக் கூடையில் போடச் சொல்வார்கள்.

செலவுக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கிரீஸில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஹோட்டல் அறைக்குப் பருவநிலை வரி என்று தனியாக வாங்குகிறார்கள். 2025 முதல் நாலு நட்சத்திர ஹோட்டலுக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 யூரோ. நீங்கள் போட்ட இரண்டு அறை, ஏழு இரவுக்கு 140 யூரோ. முன்பதிவு விலையில் பெரும்பாலும் சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும். சாய்வு நாற்காலிக்குத் தினமும் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். தேவையில்லை. 2024ல் வந்த சட்டப்படி, வாடகைக்கு விட்ட கடற்கரையிலும் பாதி இடம் காலியாக விட வேண்டும். சொந்தக் குடையும் பாயும் போதும்.

செப்டம்பர் என்றால் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் கிடைக்கலாம். ரெதிம்னோ, ஹனியா பக்கத்து மணலில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும், குஞ்சுகள் அந்தச் சமயத்திலும் வெளிவரும். மணலில் கம்பிக் கூடு தெரிந்தால் பக்கத்தில் குழி தோண்ட விடாதீர்கள். ராத்திரி டார்ச்சும் அடிக்க வேண்டாம், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தைப் பார்த்து நகர்ந்துவிடும்.

கடைசியாக, அந்த இஸ்தான்புல் வழி டிக்கெட். விலை குறைவுதான். ஆனால் அம்மா வருவது ஜெர்மன் விசாவில். மியூனிக்கிலிருந்து நேராக கிரீட் போனால் ஷெங்கன் எல்லைக்குள்ளேயே, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே, இருப்பதால் பிரச்சினை இல்லை. இஸ்தான்புல் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறின கணக்கு. ஒரு முறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால் கிரீஸுக்குள் திரும்ப நுழைய முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அம்மாவின் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்று பார்த்து, ஒரு போட்டோ எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்