கழிவைப் பிரித்தாலும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கழிவை எங்கே புதைப்பது என்றே வாதிடுகிறோம். அதைப் பிரிக்கும் வேலை கல்பாக்கத்தில் நடப்பதை யாரும் பேசுவதில்லை. உலையில் எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்த எண்ணெய்க் கரைப்பானுடன் கலக்குகிறார்கள். மீண்டும் எரிபொருளாகக்கூடிய யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்குத் தாவிவிடும். சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கக் கழிவுகள் அமிலத்திலேயே தங்கிவிடும். எண்ணெய் மேலே, அமிலம் கீழே. பள்ளி ஆய்வகத்துப் பிரிபுனலில் மாணவர்கள் பார்ப்பதுதான், என்ன, இங்கே தடித்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால்!

மிஞ்சும் அமிலக் கழிவைக் கண்ணாடியுடன் உருக்கிச் சேமிக்க வேண்டும். அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். மறுசுழற்சி செய்தால் கழிவே மிஞ்சாது என்று மேடையில் முழங்குவது வெறும் பேச்சு. கல்பாக்கத்தில் சேரும் கழிவின் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட்டால் என்ன?

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், செங்கல்பட்டு