கொன்சுவேலோ: நாவல்களும் நினைவுக்குறிப்புகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் ‘குட்டி இளவரசன்’ குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் நூலில் ஊறித் திளைத்து எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால், இளவரசனின் கோளில் பூத்த ரோஜா வேறு யாருமல்ல, நூலாசிரியர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் மனைவி கொன்சுவேலோவே என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணியும் ஒரு நூல் எழுதியவர் என்பதைக் குறிப்பிடாமலே அவர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அந்த ஒரு வரியைப் பற்றியும், அதே ஸ்பானியப் பெயரைத் தாங்கி வந்திருக்கும் வேறு சில நூல்களைப் பற்றியும் சற்று விரிவாக எழுத இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

கொன்சுவேலோ என்பது கன்னி மரியாவின் பட்டங்களுள் ஒன்றிலிருந்து பிறந்து, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் பெண்களுக்குச் சூட்டப்படும் பெயர். பிரெஞ்சு நாவல் ஒன்றின் நாயகி, ஆங்கிலேயக் கோமகனை மணந்த அமெரிக்கச் செல்வந்தரின் மகள், மெக்சிகோ நகரத்து ஏழைக் குடும்பத்துப் பெண், நியூயார்க்கின் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவள் என்று இப்பெயருக்கு உரியவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். நூலகத்தில் இந்நூல்கள் ஒரே அலமாரியில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆயினும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, எல்லாவற்றிலும் ஒரே வழக்குதான் நடக்கிறது என்பது புலப்படும்: இந்தப் பெண்ணின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே அந்த வழக்கு.

முதலில் அந்த ரோஜாவையே எடுத்துக்கொள்வோம். கொன்சுவேலோ சுன்சின், எல் சால்வடோர் நாட்டின் அர்மேனியா என்னும் ஊரில் 1901-இல் பிறந்தவர். குவாத்தமாலாவைச் சேர்ந்த எழுத்தாளர் என்ரிக்கே கோமெஸ் கரியோவை மணந்து, 1927-இல் அவரை இழந்தார். 1930-இல் புவெனஸ் ஐரிஸில் செந்த்-எக்சுபெரியைச் சந்தித்து, மறு ஆண்டு அவரை மணந்தார். கதையில் வரும் ரோஜா இருமிக் காட்டுகிறது, காற்றுப் படாமல் தடுப்புக் கேட்கிறது, தன் அழகைப் பற்றி அளந்துவிடுகிறது. மனைவிக்கு ஆஸ்துமா இருந்ததையும், அவர் பிறந்த நாடு எரிமலைகள் நிறைந்தது என்பதையும், இளவரசனின் கோளில் மூன்று எரிமலைகள் இருப்பதையும் வைத்துப் பார்க்கும்போது கட்டுரையாளரின் வரி ஆதாரமற்றது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால், கதையில் கோளை விட்டுக் கிளம்புவது இளவரசன். தனியே விடப்படும் ரோஜா என்ன நினைத்தது என்று சொல்ல அங்கு யாரும் இல்லை. அதைத்தான் கொன்சுவேலோ பின்னாளில் எழுதி வைத்தார். கணவர் 1944 ஜூலை 31 அன்று விமானத்தோடு காணாமல் போன சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட அந்த நினைவுக்குறிப்பு, 1979-இல் அவர் இறந்த பிறகும் பெட்டிக்குள்ளேயே கிடந்து, செந்த்-எக்சுபெரியின் நூற்றாண்டான 2000-இல்தான் ‘ரோஜாவின் நினைவுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் பிரெஞ்சில் அச்சேறியது.

அதில் இருப்பது காத்திருப்பின் கணக்கு. திரும்பி வருவாரா என்று தெரியாத விமானப் பயணங்கள், கையில் காசு நிற்காத குடித்தனம், மற்றப் பெண்களின் குறுக்கீடு, ஒரே நகரத்தில் தனித்தனி வீடு, பிறகு மீண்டும் சேர்தல் என்று அது நீள்கிறது. கொன்சுவேலோ கதை அளப்பதில் தேர்ந்தவர் என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொன்னதுதான். நினைவுக்குறிப்பிலும் சில காட்சிகள் மேடை நாடகம் போலவே அமைந்திருக்கின்றன. அதற்காக அதை ஒதுக்கிவிடுவதானால், கணவர் எழுதியதையும் அல்லவா அதே தராசில் நிறுக்க வேண்டும்? 1998-இல் மார்செய் நகரை ஒட்டிய கடலில் மீனவர் ஒருவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் விமானியின் பெயரும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ‘கொன்சுவேலோ’ என்றும், பிறகு ‘குட்டி இளவரசனை’ 1943-இல் வெளியிட்ட நியூயார்க் பதிப்பகத்தின் முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பலரும் நெடுங்காலம் மனைவிக்குத் தந்த இடமும் அந்த அடைப்புக்குறி அளவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தையது பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் ‘கொன்சுவேலோ’. 1842-இலும் 1843-இலும் தொடர்கதையாக வந்த இந்நாவலின் நாயகி, பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில், நாடோடியாகத் திரிந்த ஸ்பானியத் தாய்க்குப் பிறந்து, இசைமேதை போர்ப்போராவிடம் பாட்டுக் கற்றவள். சாண்டின் தோழியும் புகழ்பெற்ற பாடகியுமான போலின் வியார்தோவே இவளுக்கு மூலம் என்பது ஊரறிந்த செய்தி. போலின் ஸ்பானியப் பாடகர் மனுவேல் கார்சியாவின் மகள். இதில் சுவையான ஒன்று, தொடர்கதை வெளிவந்த இதழைச் சாண்டுடனும் சிந்தனையாளர் பியேர் லெருவுடனும் சேர்ந்து தொடங்கியவர் போலினின் கணவர் லூயி வியார்தோ என்பது. தன்னை வைத்து எழுதப்படும் கதையைப் போலின் தன் வீட்டு இதழிலேயே தவணை தவணையாகப் படித்திருக்க வேண்டும்.

நாவல் மிக நீண்டது. பொஹீமியக் கோட்டையும் அதன் சுரங்கப் பாதைகளும் வரும் பகுதிகளில் என் பொறுமை பலமுறை சோதிக்கப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால், வெனிஸில் நிகழும் தொடக்க அத்தியாயங்களும், ஆண்பிள்ளை உடை தரித்த கொன்சுவேலோ, இன்னும் யாருக்கும் தெரியாத இளைஞனான இசையமைப்பாளர் ஹைடனோடு வியன்னாவுக்கு நடந்தே போகும் பகுதியும் இன்றும் மங்காதவை. பார்வைக்குச் சாதாரணமானவள் என்று அரங்க உரிமையாளர் முதலில் ஒதுக்கப் பார்க்கும் பெண், பாடத் தொடங்கியதும் முகமே வேறாகிப் போவதைச் சாண்ட் எழுதியிருக்கும் விதம், பாடுபவர்களை அருகிலிருந்து கூர்ந்து பார்த்தவரால் மட்டுமே முடியக்கூடியது. போலினைப் பற்றியும் அவர் காலத்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். ஒருவரை முன்மாதிரியாக வைத்து எழுதுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகத்தான் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இந்நாவலே மறுப்பு. சாண்ட் தன் தோழிக்கு அவள் வாழ்ந்ததைவிடப் பெரியதொரு வாழ்க்கையைக் கற்பனையில் அமைத்துத் தந்தார்.

நினைவுக்குறிப்பு நாவலைவிடக் கூர்மையாகிவிடும் இடம் கொன்சுவேலோ வாண்டர்பில்ட்டின் நூல். 1877-இல் நியூயார்க்கில் பிறந்த இவருக்கு ஸ்பானியப் பெயர் வந்தது, தாயின் தோழியும் ஞானத்தாயுமான கொன்சுவேலோ இஸ்நாகாவிடமிருந்து. கியூபத் தந்தைக்குப் பிறந்த அந்த இஸ்நாகா, ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு மான்செஸ்டர் கோமகளானவர். அமெரிக்க நாவலாசிரியர் எடித் வார்ட்டன் முடிக்காமல் விட்டு, அவர் மறைவுக்குப் பின் 1938-இல் வெளியான நாவலில் வரும் கொஞ்சிதா என்னும் பெண்ணுக்கு மூலம் இவரே. ஆக, ஞானத்தாய் நாவலுக்குள் போனார். பெயரைப் பெற்ற பெண்ணோ தன் கதையைத் தானே எழுத உட்கார்ந்தார்.

1952-இல் வெளிவந்த அந்நூலின் தொடக்கத்தில் ஒரு செய்தி வருகிறது. சிறுமியாகப் பாடம் படிக்கும் வேளைகளில் முதுகு வளையாதிருக்க, முதுகெலும்பின் நீளத்துக்கு ஓர் எஃகுத் தண்டு வைத்து, இடுப்பிலும் தோளிலும் வார் போட்டு இறுக்கிவிடுவார்களாம். தாய் ஆல்வா மகளை எப்படி வளர்த்தார் என்பதை விளக்க இதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. மனத்துக்குப் பிடித்தவரை விலக்கிவிட்டு, 1895 நவம்பர் 6 அன்று ஒன்பதாவது மார்ல்பரோ கோமகனுக்கு அவரை மணமுடித்தார்கள். மணமகன் தரப்புக்கு 25 இலட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் கைமாறின. மணநாள் காலையில் தன் அறை வாயிலில் காவலுக்கு ஆள் நிறுத்தப்பட்டிருந்ததையும், அழுதழுது வீங்கிய முகத்தோடு தேவாலயத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததையும் அவர் சற்றும் குரலை உயர்த்தாமல் எழுதுகிறார். இங்கிலாந்துக்குப் போனதும், கணவரின் பாட்டி இவரிடம் சொன்ன முதல் கட்டளை, சீக்கிரம் ஓர் ஆண் வாரிசைப் பெற வேண்டும் என்பது. இல்லையென்றால் கோமகன் பட்டம் கணவரின் சித்தப்பா மகன் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குப் போய்விடும் என்ற கவலை அந்த மூதாட்டிக்கு. 1897-இல் மகன் பிறந்ததால் உலக வரலாறு எந்த அளவுக்கு மாறியது என்று கணக்கிடும் வேலையை வரலாற்றறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இந்த நினைவுக்குறிப்பின் மீது ஐயம் எழுப்புவோருக்கு ஒரு சான்று உண்டு. திருமணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1926-இல் தீர்ப்பளித்தபோது, மகளை வற்புறுத்தித்தான் மணமுடித்தேன் என்று ஆல்வாவே முன்வந்து வாக்குமூலம் அளித்திருந்தார். எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதத் தயங்கும் திருப்பம் அது. அதே சமயம், மணவாழ்வு முறிந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது கொன்சுவேலோ மிகவும் அடக்கி வாசிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். தானே எழுதும்போது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற உரிமையும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

அந்த உரிமை அறவே இல்லாத ஒரு கொன்சுவேலோவும் உண்டு. மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் 1961-இல் வெளியிட்ட ‘சான்செஸின் பிள்ளைகள்’ நூலில், மெக்சிகோ நகரின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த மனுவேல், ரொபெர்த்தோ, கொன்சுவேலோ, மார்த்தா ஆகிய நால்வரும் தத்தம் வாழ்க்கையைத் தன்மை ஒருமையில் சொல்கிறார்கள். ஒலிநாடாவில் பதிவான பேச்சிலிருந்து கேள்விகளை நீக்கி, வரிசைப்படுத்தி, ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலமாக்கித் தந்தவர் லூயிஸ். பெயர்களும் அவர் வைத்த புனைபெயர்களே. தந்தையின் அன்புக்காக ஏங்கி, அது கிடைக்காத கசப்பை விவரிக்கும் இந்தக் கொன்சுவேலோவின் குரல், நான் குறிப்பிடும் நூல்கள் அனைத்திலும் என்னை மிகவும் உலுக்கியது. ஆனால் பெயர் அவருடையது அன்று, வரிசை அவருடையது அன்று, முதலில் அச்சான மொழியும் அவருடையது அன்று. ஸ்பானியப் பதிப்பு வந்ததும் 1965-இல் மெக்சிகோவின் புவியியல், புள்ளியியல் கழகம் நாட்டை இழிவுபடுத்துவதாக இந்நூல் மீது புகார் கொடுத்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் புகாரைத் தள்ளுபடி செய்தும், நூலை வெளியிட்ட பதிப்பகத்தின் இயக்குநர் அர்னால்தோ ஒர்ஃபிலா ரெய்னால் அதே ஆண்டில் பதவி இழந்தார். ஓர் ஏழைப் பெண் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது எத்தனை பேரைச் சுட்டிருக்கிறது, பாருங்கள்.

நாவலில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வதானால், அமெரிக்க எழுத்தாளர் மார்ஜ் பியர்சி 1976-இல் எழுதிய எதிர்காலப் புனைவைச் சொல்வேன். அதன் நாயகி கொன்சுவேலோ ராமோஸ், 37 வயது மெக்சிக அமெரிக்கப் பெண். மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவரோடு 2137-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒருவர் தொடர்புகொள்கிறார். முந்நூறு பக்கங்களுக்கு மேல் அவர் பார்வையிலேயே நடக்கும் நாவல், இறுதியில் மருத்துவமனையின் அதிகாரபூர்வக் கோப்பிலிருந்து சில பக்கங்களைத் தந்து நின்றுவிடுகிறது. நாம் இதுவரை நெருங்கி அறிந்த பெண்ணை அந்தக் கோப்பில் அடையாளமே தெரிவதில்லை. இசபெல் அயேந்தேயின் ‘ஏவா லூனா’வில் வரும் கொன்சுவேலோவோ, கதாநாயகியின் தாய், கதை சொல்லும் கலையை மகளுக்குக் கொடுத்துவிட்டு இறந்துவிடுகிறாள். நான் பட்டியலிட்ட நூல்களில் முதலில் ஸ்பானிய மொழியில் அச்சானது 1987-இல் வந்த இது ஒன்றுதான் என்பது வியப்பளிக்கிறது.

தங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை எளியது. உண்மை மனிதரை வைத்து எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நாவலைத் தங்கள் பக்கத்தில் அறிமுகம் செய்யும்போது, அந்த மனிதரே எழுதிய நூல் ஒன்று இருக்குமானால் அதற்கும் சில பத்திகள் ஒதுக்க வேண்டும். ‘ரோஜாவின் நினைவுகள்’ குறித்து அதே கட்டுரையாளரைக் கொண்டே எழுதச் செய்தால் மிகவும் பொருத்தமாக இருக்கும். நினைவுக்குறிப்புகளை அறிமுகம் செய்கையில், அது எழுதப்பட்ட ஆண்டு எது, அச்சான ஆண்டு எது, இடையில் கைவைத்துத் திருத்தியவர்கள் யார் என்ற விவரங்களைத் தலைப்புக்குக் கீழேயே தருவதும் நல்லது. ‘சான்செஸின் பிள்ளைகள்’ போன்ற நூலுக்கு இவ்விவரம் இல்லாமல் அறிமுகம் எழுதினால், பேசுவது யார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் இலக்கியப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்