கிளிநொச்சியிலிருந்து ஒரு சைக்கிளோட்டக்காரியின் நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

மாகாண மட்ட வீதிச் சைக்கிளோட்டத்தில் நான் பெற்ற பதக்கத்தைப் பற்றி ஊரில் அநேகமாக எல்லோரும் விசாரித்துவிட்டீர்கள். பதக்கம் ஓடியவளின் கழுத்தில்தான் ஏறும். ஓட வைத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் அக்காவுக்கு. பயிற்சி முகாம் ஒன்றில் ஒருவர், “ஐந்து கிலோ குறை, வேகம் தானாக வரும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். எதைச் சாப்பிட்டு, எவ்வளவு காலத்தில் குறைப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அக்காவிடம் கேட்கப் போனேன். அவர் என் எடையைக் கேட்கவே இல்லை. “மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?” என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் பக்கத்தில் விளையாட்டுப் பிள்ளைகளிடம் எவரும் வாய்திறந்து கேட்காத கேள்வி அது. இரும்புச் சத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்விக்க மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். உழைப்புக்கு ஈடாக உணவு இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகும், பயிற்சியின் பலனும் உடம்பில் ஒட்டாது என்று மருத்துவர் விளக்கினார். இந்த ஆற்றல் குறைபாட்டுக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப்பெயரே வைத்ததாம். ஆண்களுக்கும் வருமாம். தம்பிமாரே, கவனியுங்கள்.

அடுத்து, பௌதிகவியல் படிப்பித்த சேருக்கு. ஐந்து கிலோக் கதையைக் கேட்டதும் சிரித்தார். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறுகிறவளுக்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ ஆனையிறவிலோ ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையில் வேகமாக ஓடும்போது உன் பலத்தில் பெரும்பகுதியைத் தின்பது காற்று, எடை அல்ல என்றார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் திரும்பி மிதித்தவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. முழங்கையை மடித்து, முதுகைத் தாழ்த்தி ஓடப் பழகு என்பதுதான் அவர் தந்த பாடம்.

தாழ்ந்து ஓடுவதைச் சொல்லிவிடலாம். அப்படியே மணிக்கணக்கில் இருக்க முடிய வேண்டுமே! அங்கேதான் சைக்கிள் திருத்தும் அண்ணை வந்தார். மெத்தென்று அகன்ற சீற் நெடுந்தூரத்துக்கு உதவாது, இடுப்பெலும்பு ஊன்றும் இடத்தில் தாங்கினால் போதும் என்று என் அகலத்துக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேடிப் பிடித்தார். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி உயரத்தைச் சரிசெய்தார். கல்லுப் போல் இறுகியிருந்த ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். கரடுமுரடான வீதியில் சக்கரம் துள்ளுவதும் கை விறைப்பதும் குறைந்தன. நோவு இல்லாதபோது நிமிரத் தோன்றாது. நிமிராவிட்டால் காற்றுக்குப் பயமில்லை. எடை குறைப்பதால் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட வேகத்தை எனக்குத் தந்தது இந்தச் சொகுசுதான். போட்டிக் காற்சட்டையின் உள்தையலை உரசாதபடி மாற்றித் தைத்த தையற்கார அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு.

மாமியைப் பற்றித் தனி மடலே எழுதலாம். கடும் பயிற்சி நாளில் சோறும் குளத்து மீனும் தாராளமாக, ஓய்வு நாளில் சோற்றில் ஓர் அகப்பை குறைவாக. குறைப்பு அவ்வளவுதான். இரவுப் பட்டினிக்கு அவர் வீட்டில் இடமில்லை. விடியற்காலை ஓட்டத்துக்கு முன் இடியப்பமும் சொதியும். குரக்கன் புட்டு ஓடிவிட்டு வந்த பிறகுதான், நார்ச்சத்து வயிற்றில் நின்று படுத்தும் என்பதால். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை மாமி இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியுமாக மாற்றிப் பையில் வைத்துவிடுவார். தேசிக்காய், உப்பு, சீனி கரைத்த தண்ணீரும் அவர் கைப்பக்குவம். ஓடிவிட்டு வந்து தராசில் குறைந்திருப்பது வியர்வைதான், கொழுப்பு அல்ல என்று தெரிந்தும் நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, தராசை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். இன்னும் தரவில்லை. கேட்கவும் பயம்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்கும் அம்மாவுக்கும் நன்றி. என் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்ததற்கு ஒருநாளும் அவர் காசு வாங்கவில்லை. கச்சானுக்கு மட்டும் வாங்கினார், அதுவும் சரியான விலை. இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் வெளிச்சம் பிடித்து வந்த அப்பாவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

திருத்தும் அண்ணைக்கு ஒரு வார்த்தை: இரண்டு ரியூப்பும் ஒரு செயினும் கணக்கில் நிற்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சம்பளம் வந்ததும் கடைக்கு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீதியில் விடியமுன் மணி அடித்து நித்திரையைக் குழப்புகிறவள்