மலை மடத்தில் பேய் விடும் நாவலாசிரியர்களுக்கு ஒரு சமையல்காரனின் மடல்

வணக்கம்.

கொடைக்கானல் பக்கம் ஒரு குருமடத்து அடுப்படியில் இருபத்திரண்டு வருஷமாக வேகிறவன் நான். ராத்திரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் உங்கள் நாவல்களைத்தான் எடுப்பேன். பனி மூடிய மடம், பூட்டிய அறை, நடுச்சாமத்தில் தானாக அடிக்கும் மணி, எல்லாம் பிடிக்கும். கடைசியில் சமையல்காரன்தான் கொலைகாரன் என்று வரும்போது மட்டும் (இதோடு மூன்று நாவல்) சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அதை விடுங்கள். உங்கள் கதையில் ஃபாதர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு ராத்திரியே பேயோட்டக் கிளம்பிவிடுகிறார். திருச்சபைச் சட்டப்படி அதற்கு ஆயரின் (பிஷப்பின்) தனி அனுமதி வேண்டும். கடிதம் மலையிறங்கிப் போய்ப் பதில் ஏறி வரவேண்டும். அதுவரை அந்த அறையை என்ன செய்வது, யார் காவல் படுப்பது? நாலு அத்தியாயம் அங்கே சும்மா கிடக்கிறது.

பாவசங்கீர்த்தனமும், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதும், அப்படித்தான். சாகக் கிடக்கிறவன் ரகசியத்தைச் சொல்கிறான். அடுத்த பக்கத்தில் ஃபாதர் அதை இன்ஸ்பெக்டரிடம் ஒப்பிக்கிறார். நிஜத்தில் வாய் திறந்தால் அந்த நிமிஷமே அவருக்குச் சபை விலக்கு. கொலைகாரனே வந்து பாவம் சொல்லிவிட்டுப் போனான் என்று வையுங்கள். மறுநாள் மத்தியானம் அவனும் ஃபாதரும் ஒரே மேசையில் எதிரெதிரே. எங்கள் மடத்தில் தியான நாட்களில் ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். ரசம் வேண்டுமென்றால் டம்ளரை விரலால் இரண்டு தட்டு. அவன் தட்டுகிறான். ரசச் சட்டி ஃபாதர் பக்கத்தில் இருக்கிறது. எழுதுங்களேன் இதை.

பயத்துக்கும் எங்கள் மலையில் பஞ்சமில்லை. ஓர் ஆடி மாதம், விடியற்காலை நாலரை மணி. அடுப்பு மூட்டப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் சீட்டியடிக்கிறான். பாட்டு பாதி தெரிந்து பாதி மறந்தவன் மாதிரி நிறுத்துகிறான், மறுபடி முதலிலிருந்து. சீகாரப் பூங்குருவி என்று வயதான ஃபாதர் ஒருவர் பிறகு காட்டித் தந்தார், கருநீலத்தில். குருவி என்று தெரிந்த பின்னும் அந்த நேரத்தில் மதிலோரம் நான் தனியாகப் போவதில்லை. நீங்களோ முந்நூறு பக்கம் பயங்காட்டிவிட்டு, எல்லாம் கஞ்சா கடத்துகிறவன் செய்த வேலை என்று முடிக்கிறீர்கள். அது கணக்குத் தீர்ப்பது, கதை இல்லை.

பாதாள அறையும் தேவையில்லை. கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையார் தொடங்கிய மடம் இருக்கிறது. பாடம் பண்ணிய பறவைகளும் பாம்புகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் விழித்துக்கொண்டிருக்கிற அருங்காட்சியகம் அவர்களுடையது. அந்தச் சபையைச் சேர்ந்த ஆங்கிலேட் என்ற குரு, இந்த மலையின் கற்திட்டைகளை, கற்பலகையால் கட்டிய பழங்கால அறைகளை, தேடி அலைந்து ஆராய்ந்தவர். 1928-இல் தொல்லியல் துறை அதை நூலாகவே போட்டது. வெகு காலத்துக்கு முன் செத்தவர்களின் கல்வீட்டுக்குள் அங்கி போட்ட சாமியார் ஒருவர் குனிந்து நுழைகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

இன்னொன்று. குறிஞ்சிச் செடி மலை முழுக்கப் பூத்தது 2006-இல், அப்புறம் 2018-இல். கொலை நடக்கிற வருஷத்துக்கெல்லாம் பூக்காது.

கடைசியாக என் சொந்த விண்ணப்பம். அடுத்த நாவலில் சமையல்காரனை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுங்கள். ஆவியாக அலையவிட்டாலும் சம்மதம். நாலரைக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் போதும், எங்கள் மடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இப்படிக்கு,
மடத்துச் சமையல்காரன்,
கொடைக்கானல்