கல்பாசி நிறத்து உயிருக்குக் கொஞ்சம் நிழல்: நன்கொடை வேண்டுகோள்

சார்லட் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

நம்மில் வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள சிம்னி ராக் பாறைக்குப் போகாதவர்கள் குறைவு. ஊரிலிருந்து யார் வந்தாலும் புளியோதரை கட்டிக்கொண்டு அங்கேதான் அழைத்துப் போகிறோம். அந்தப் பாறை நிற்கும் ஹிக்கரி நட் பள்ளத்தாக்கில் மட்டும் ஒரு பச்சை சாலமாண்டர் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. தனி இனம் என்று 2019-இல்தான் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஐந்நூறுக்கும் குறைவாகவே மிச்சம் இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் இது தவளைக்குத்தான் சொந்தம். நுரையீரலே இல்லை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சும் போய்விடும். கருத்த உடம்பில் பச்சைத் திட்டுகள், நாம் குழம்பில் போடும் கல்பாசியை ஒட்டிவைத்ததுபோல. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் குறுகலான பாறை வெடிப்புக்குள் தட்டைத் தலையும் சதுரமான விரல் நுனிகளும் தெரியும். கோடையில் தாய் அந்த வெடிப்பின் மேற்புறத்தில் முட்டைகளை ஒட்டித் தொங்கவிட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் கூடவே இருந்து காக்கும்.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் அடித்தபோது அது குஞ்சு பொரிக்கும் பருவம். ஆற்றங்கரைக் கடைத்தெருவை வெள்ளம் கொண்டுபோனதை எல்லோரும் பார்த்தோம். சரிவுகளில் மரங்கள் சாய்ந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மரம் போனால் பாறைமேல் நேரடி வெயில். வெடிப்புக்குள் ஈரம் நிற்காது. அப்புறம், இது கோடையில் மரமேறி வாழும் உயிர் வேறு.

ஒரு நில உரிமையாளர் தம் சரிவில் மரம் வைக்கச் சம்மதித்திருக்கிறார். இடத்தைச் சொல்ல மாட்டோம், பிடித்துப்போக வருகிறவர்கள் உண்டு. ஹிக்கரி, பாஸ்வுட் என அந்த மண்ணுக்குரிய 120 கன்றுகள், மான் கடிக்காமல் உறை, மூன்று கோடைக்குப் பராமரிப்பு: மொத்தம் 6,000 டாலர். நட்டுவிட்டு வந்தால் கன்று பிழைக்காது, அதனால் பாதிப் பணம் பராமரிப்புக்கே. ஒரு கன்றுக்கு 50 டாலர். ஐந்து டாலர் தந்தாலும் சரி, ரசீது உண்டு. கணக்கை மாதாமாதம் எல்லோருக்கும் காட்டுவோம்.

குழுப் பொருளாளரிடம் அக்டோபர் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள், நவம்பரில் நடவு. மண்வெட்டி பிடிக்க வருபவர்கள் பெயரும் கொடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
மரநடவுக் குழுவினர்