எர்னையும் எஸ்னியையும் வெளியேற்றாதீர்கள்

ஆங்கில நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளாகக் காலைக் காப்பியோடு உங்கள் கட்டங்களை நிரப்பி வருகிறேன். அண்மைக் காலமாக, 'எர்ன்', 'எஸ்னி' போன்ற வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் புதிர்களிலிருந்து களைந்து வருகிறீர்கள். கணினிச் சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் இட்டு, குறைவாகப் பெற்றதைத் தள்ளிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இதைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

'கடற்கழுகு, நான்கு எழுத்து' என்ற குறிப்பில்தான் 'எர்ன்' (erne) எனக்கு அறிமுகமாயிற்று. எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடத்தில் செய்தித்தாளே ஓட்டையாகிவிட்டது. அகராதியைப் புரட்டினால் பழைய ஆங்கிலப் பெயர் என்று ஒரு வரி. பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டனில் அந்தக் கழுகை வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்; 1918-இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் கடைசிப் பறவையும் சுடப்பட்டது. 1975-இல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள். பறவை இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் அதன் பெயர் உங்கள் கட்டங்களில் கூடு கட்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இச்சொற்கள் ஏன் உள்ளே வந்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்கக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் பொருந்தியாக வேண்டும். உயிரெழுத்து மிகுந்த மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் இல்லாமல் அது நடக்காது. பிரிட்டிஷ் கட்டத்தில் ஏறக்குறையப் பாதி எழுத்துகளை இன்னொரு சொல் குறுக்கே வெட்டாது, ஒரே சொல்லில் பொருந்தினால் போதும் என்பதால் இந்த நெருக்கடி குறைவு. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட முதல் புதிரிலேயே, 'கைமுட்டி' என்ற குறிப்புக்கு 'நீஃப்' என்ற பழஞ்சொல்தான் விடை. உங்கள் கலை பிறந்த அன்றே இவையும் உடன் பிறந்துவிட்டன.

வாசகர்களின் சலிப்பும் எனக்குப் புரிகிறது. தெரியாத இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் வெட்டிக்கொண்டால் ஊகிக்கக்கூட வழியில்லை, அது அநியாயம்தான். ஆனால் குறை சொல்லில் இல்லை, குறிப்பில் இருக்கிறது. 'எஸ்னி'க்கு (esne) எத்தனை முறைதான் 'பழங்கால அடிமை' என்றே எழுதுவீர்கள்? பழைய இங்கிலாந்தின் கென்ட் நாட்டு அரசன் எத்தல்பர்ட்டின் சட்டத்தொகுப்பில், 7-ஆம் நூற்றாண்டிலேயே, எஸ்னிக்கு இடம் இருக்கிறது. பிறருக்காக உழைத்து, உரிமை குன்றி வாழ்ந்த ஒரு மனிதனின் பெயர் அது. அதை நான்கு கட்டங்களை அடைக்கும் கல்லாக மட்டும் பார்க்கலாமா?

'எஃப்ட்' இன்னும் அழகு. பல்லி போலிருக்கும், நீரிலும் நிலத்திலும் வாழும் 'நியூட்' என்ற சிற்றுயிரின் பழைய பெயர் அது. அதே சொல்லின் இன்னொரு வடிவம் 'யூட்'. 'அன் யூட்' என்று சொல்லிச் சொல்லி, முன்னால் இருந்த 'ன்' ஒட்டிக்கொண்டு 'எ நியூட்' ஆகிவிட்டது. ஆக, இரண்டும் ஒரே வேர். இதை ஒரு குறிப்பில் நுழைத்துப் பாருங்கள், அந்த நாள் முழுக்க வாசகர் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் கேட்பது பெரிதல்ல. புதிருக்கு ஒன்றே ஒன்று போதும். அதைச் சுற்றி வெட்டும் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருக்கட்டும். மறுநாள் விடையை அச்சிடும்போது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கட்டத்தின் கீழே இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் புதுப் புதிரைத் தொடுவேன்.

அன்புடன்,
பென்சிலால் நிரப்பும் ஒரு வாசகர்